பத்தும் பத்தும் முப்பது

மாவட்டத் தலைநகர் என்று பலகை மாற்றிய மறுவருஷம்
மயிலாடுதுறையில் சதுரடிக்குக் காய்ச்சல் வந்தது.
அந்தக் காய்ச்சலோடு மாசிலாமணி வந்தார்.
அவர் போய் அரைமணி கழித்து, தம்பி திருஞானம்.
ஒரே பத்திரம், ஒரே டீக்கறை,
இரண்டு ஜெராக்ஸ்.

நான் உரிமம் பெற்ற அளவையாளர்.
மாடிப்படிக்குக் கீழே ஆபீஸ்.
அடைமழை நாளில் பிரிண்டரை நாற்காலிமேல் தூக்கி வைப்பேன்.

நாடா பிடிக்க சகாயம் வந்தான்.
முகப்பு நாற்பதடி, ஆழம் தொண்ணூறு.
நடுவில், பாகம் பிரித்த அன்று எழுப்பிய ஒற்றைக்கல் சுவர்.
ஆளுக்கு இருபது.
அண்ணன் பக்கம் அளந்தபோது
எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னார் தம்பி.
சகாயத்திடம்தான் சொன்னார்.
பதினோரு வருஷமாய் அவர்கள் பேச்சு
மூன்றாம் ஆள் வழியாகத்தான்.
அன்றைக்கு அது சகாயம்,
பிறகு நான்.

வரைந்து பார்த்தேன்.
முன்னால் ஐந்தடி விடு, பின்னால் ஐந்தடி விடு,
இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து.
ஒரு தெரு தள்ளியிருந்தால் தொடர் கட்டடப் பகுதி,
சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளலாம்.
வரைபடத்தின் மஞ்சள்
இவர்கள் தெருமுனைக்கு முன்பே தீர்ந்துவிட்டது.
ஆக, இருபதில் மிச்சம் பத்து.
கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது.
ரயில்பெட்டிக்குச் சமையலறை வைத்த மாதிரி.

உயரமா? கோபுரம் தெரிகிற தூரம்,
ஒன்பது மீட்டரோடு நிறுத்து.
தளப்பரப்புக் குறியீடு மட்டும் தாராளம்:
மனையைப் போல் இருமடங்கு கட்டிக்கொள் என்கிறது,
மூவாயிரத்து அறுநூறு.
மூன்று தளம் அடுக்கியும் இரண்டாயிரத்து நானூறுதான்.
மிச்சம் ஆயிரத்து இருநூறு சதுரடி
அனுமதியாகவே கிடக்கும்,
யாரும் குடிவராமல்.

இரவு, சும்மாதான்,
திரையில் நடுச்சுவரை அழித்தேன்.
நாற்பதில் பத்துப் போக முப்பது.
முப்பதை எண்பதால் பெருக்கி, மூன்று தளம்:
ஏழாயிரத்து இருநூறு.
விதி தருகிற கடைசி அடிவரை நிரம்பியது.
ஒரு அடி மிச்சமில்லை, ஒரு அடி மீறலில்லை.
இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கணக்கும்
எனக்கு இப்படிக் கூடி வந்ததில்லை.
சகாயத்துக்குப் போன் போட்டேன்:
பத்தும் பத்தும் முப்பதுடா.
“தூங்குங்க மேடம்” என்றான்.

இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன்.
மேசைக்கு இந்தக் கோடி ஒருவர், அந்தக் கோடி ஒருவர்.
தாளை விரித்தேன். ஆறு வீடு. ஆளுக்கு மூன்று.
மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
திருஞானம் விரலால் ஜன்னல்களை எண்ணிக்கொண்டே வந்து
ஓரிடத்தில் நின்றார்.

“படிக்கட்டு எத்தனை?”
ஒன்று என்றேன்.
“அவர் எறங்கறப்ப நான் ஏறணுமா?”
அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்:
“ரெண்டு போட முடியுமான்னு பாருங்க.”
போடலாம்.
போட்டால் தளத்துக்கு ஒரு படுக்கையறை போகும்.
யாருடையது என்று இருவருமே கேட்கவில்லை.
தாள் தானாகச் சுருண்டுகொண்டது.

அனுமதி தனித்தனியாக வந்தது,
ஒரே தேதி, அடுத்தடுத்த எண்.

நிறைவுச் சான்றுக்காக நேற்றுப் போனோம்.
குச்சி குச்சியாய் இரண்டு வீடு.
நடுச்சுவர் ஐப்பசி மழையில் சாய்ந்ததாம்,
எழுப்புகிற செலவு யாருடையது என்று முடிவாகவில்லை.
இரண்டு ஏசியின் வெளிப்பெட்டியும் நேருக்கு நேர்:
இதன் வெக்கையை அது வாங்கி,
அதன் வெக்கையை இது வாங்கி.
ஐந்தும் ஐந்தும் பத்தடி இடைவெளி,
அவர்கள் பேசாமைக்கு விதி அளந்து தந்த அகலம்.

சகாயம் நாடாவை இழுத்தான்.
ஒன்பதடி பத்து அங்குலம்.
திரும்ப இழுத்தான். அதேதான்.
“ரெண்டு அங்குலம் யாரோ உள்ள வந்திருக்காங்க மேடம்.
யார் பக்கம்னு பாக்கவா?”

பூச்சுக் கனமாக இருக்கும்.
நாடாவைச் சுருட்டு என்றேன்.
பத்து என்று எழுதினேன்.